கேபிளால் இயங்கும் சுக்கான்: ரேடியோ மாதிரி விமானத்தில் இரட்டை இழுவை முறையை அமைப்பது எப்படி?

வேறொருவர் கட்டிய மாதிரி விமானத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது அதன் வாலைத்தான். ரிசீவரை இயக்கச் சொல்லிவிட்டு, சுக்கானின் பின்விளிம்பை இரண்டு விரல்களால் பிடித்து இருபுறமும் மெல்ல அசைப்பேன். அசைத்த மறுகணமே, ரேடியோ கட்டளைப்படி சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ எதிர்த்து முனகினால் அமைப்பு ஒழுங்காக இருக்கிறது. சர்வோவுக்குச் சேதியே போய்ச் சேராமல் விளிம்பு ஐந்து மில்லிமீட்டர் ஆடினால், அன்றைக்கு அந்த விமானத்தைப் பறக்கவிட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஆட்டம் உள்ள சுக்கான் வேகம் கூடும்போது தானாகவே படபடக்கத் தொடங்கும். அந்தப் படபடப்பு கீலைப் பிய்த்தெறியச் சில நொடிகள் போதும்.

கேபிள் வைத்த விமானங்களில் இந்த ஆட்டத்தைக் கண்டவுடன் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: கேபிளை இன்னும் இறுக்குகிறார்கள். ஆட்டம் போய்விடுகிறது, அதோடு சர்வோவின் ஆயுளும் போய்விடுகிறது. துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத குறையை எவ்வளவு இறுக்கினாலும் தீர்க்க முடியாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு உண்மையைச் சுற்றியே அமைந்தவை.

எதற்காகக் கேபிள்?

குதிரையின் கடிவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வலது வாரை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடது வாரை இழுத்தால் இடப்பக்கம். வாரால் யாரும் தள்ளுவதில்லை. இரட்டை இழுவை முறையும் அப்படித்தான். புல்-புல் (pull-pull) என்று மாதிரி விமானக்காரர்கள் அழைப்பது இதைத்தான். சர்வோ கையின், அதாவது சர்வோவின் தண்டில் மாட்டிய பட்டையின், இரு முனைகளிலிருந்து இரண்டு கேபிள்கள் புறப்பட்டு, சுக்கானின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் துளையுள்ள சிறு தகடுகளான ஹார்ன்களில் போய்ச் சேர்கின்றன. எப்போதும் ஏதாவது ஒரு கேபிள் இழுத்துக்கொண்டிருக்கும்.

தள்ளுகம்பி இந்த வேலையைச் செய்யாதா? குட்டையான தூரத்துக்குச் செய்யும். ஆனால் மெல்லிய கம்பியைத் தள்ளினால் அது நடுவில் வளைய முயலும். நீளம் இரண்டு மடங்கானால் வளையாமல் தாங்கும் விசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே நீண்ட உடற்பகுதிக்குத் தடித்த தள்ளுகம்பி வேண்டும், அதை இடையிடையே தாங்கிப் பிடிக்க ஏற்பாடும் வேண்டும். இழுக்கப்படும் கேபிளுக்கு வளையும் கவலையே இல்லை. 0.8 மில்லிமீட்டர் எஃகுக் கேபிள் ஒரு மீட்டருக்கு 4 கிராம்கூட எடை வராது.

சர்வோவை வாலிலேயே பொருத்திவிடலாம் என்பது இன்னொரு வழி. அங்கே கணக்கு வேறு. ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கின் தூரத்தைப் போல வாலின் தூரம் மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால், வாலில் ஏறும் 60 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 180 கிராம் ஈயம் வைக்க வேண்டும். கேபிள் போட்டால் சர்வோ ஈர்ப்பு மையத்துக்கு அருகிலேயே உட்கார்ந்துவிடும்.

இது மாதிரி விமானத்துக்காகக் கண்டுபிடித்த உத்தியும் அல்ல. ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு பறந்த விமானத்தில் இறக்கையை முறுக்கியது கம்பிகளால்தான். 1931இல் முதலில் பறந்த டைகர் மோத்தின் வாலுக்குக் கேபிள்கள் போவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். செஸ்னா 172 இன்றும் கேபிளில்தான் திரும்புகிறது. அதனால் பழைய விமானங்களின் மாதிரிகளைக் கட்டுகிறவர்களுக்குக் கேபிள் அழகும்கூட.

துளைகள் எங்கே இருக்க வேண்டும்?

பசையைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மேலிருந்து பார்க்கும் படத்தை வரையுங்கள். சர்வோவின் அச்சு ஒரு புள்ளி. சுக்கானின் கீல்கோடு இன்னொரு புள்ளி. சர்வோ கையின் இரண்டு துளைகள், ஹார்னின் இரண்டு துளைகள், அவற்றை இணைக்கும் இரண்டு கோடுகள். இந்த நான்கு துளைகளும் இணைகரமாக இருந்தால், சுக்கான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது இணைகரமாகவே சாயும். ஒரு கேபிள் எவ்வளவு முன்னே வருகிறதோ, மற்றது அதே அளவு பின்னே போகும். இறுக்கம் மாறாது.

இதற்கான நிபந்தனை: ஹார்னின் இரு துளைகளையும் இணைக்கும் கோடு கீல்கோட்டின் மீது சரியாக விழ வேண்டும், சர்வோ கையின் இரு துளைகளையும் இணைக்கும் கோடு சர்வோ அச்சின் நடுவே போக வேண்டும்.

நடைமுறையில் தவறு நேர்வது ஹார்னில்தான். சுக்கானின் மரம் கீல்கோட்டுக்குப் பின்னால்தானே தொடங்குகிறது? ஹார்னை அந்த மரத்தில் பொருத்தும்போது துளைகளும் கொஞ்சம் பின்னால் போய்விடுகின்றன. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடுகிறோம். அந்த ஐந்து மில்லிமீட்டர் என்ன செய்கிறது என்று பாருங்கள். சுக்கான் 30 டிகிரி திரும்பும்போது இரு கேபிள்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் தளர்வு வருகிறது. 45 டிகிரி திரும்பினால் அது 2.9 மில்லிமீட்டர். நடுநிலையில் நாண் போல இருந்த கேபிள் முழுத் திருப்பத்தில் தொய்ந்து தொங்குவதற்குக் காரணம் இதுதான்.

துளைகள் கீல்கோட்டுக்கு முன்னால் இருந்தால் நேர்மாறாக நடக்கும். திருப்பத் திருப்பக் கேபிள்கள் இறுகும். சர்வோ சுக்கானோடு மட்டுமல்லாமல் கேபிளோடும் மல்லுக்கட்ட வேண்டிவரும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இழுக்காத பக்கத்துக் கேபிள் முழுத் திருப்பத்தில் சிறிது தொய்வதால் ஆபத்து எதுவும் இல்லை. இழுக்கிற கேபிள் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இறுகும் அமைப்போ சர்வோவின் பற்சக்கரங்களையும் பேட்டரியையும் ஒருசேரத் தின்றுவிடும்.

ஹார்னை நகர்த்த முடியாத நிலை இருந்தால் ஒரு மாற்று உண்டு. ஹார்ன் துளைகள் கீல்கோட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் பின்னால் இருக்கின்றன என்றால், சர்வோ கையின் துளைகளையும் அச்சிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வாலை நோக்கித் தள்ளிப் போடுங்கள். இரண்டும் ஒரே கோணம் திரும்பும் அமைப்பில் இணைகரம் மறுபடியும் கிடைத்துவிடும். ஒரு பிளைவுட் துண்டையோ கண்ணாடியிழைத் தகட்டையோ சர்வோவின் வட்டத் தட்டில் திருகி, அதில் புதிதாகத் துளை போட்டுக்கொள்ளலாம். இந்தச் சின்ன வேலை பல விமானங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சர்வோ கையும் ஹார்னும் ஒரே அளவாக இருந்தே தீர வேண்டும் என்று பலர் சொல்வார்கள். துளைகள் அச்சுகளோடு நேர்கோட்டில் இருக்கும்வரை அது கட்டாயம் இல்லை. 800 மில்லிமீட்டர் நீளக் கேபிளில், 25 மில்லிமீட்டர் கையையும் 35 மில்லிமீட்டர் ஹார்னையும் சேர்த்தால் ஏற்படும் இறுக்க மாற்றம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. மாறாக, அளவு வித்தியாசம் நமக்கு உதவும். கையின் ஆரத்தைக் கைக் கோணத்தின் சைனால் பெருக்குங்கள். ஹார்னின் ஆரத்தைச் சுக்கான் கோணத்தின் சைனால் பெருக்குங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். சர்வோ 45 டிகிரி திரும்பும், சுக்கானுக்கு 30 டிகிரி போதும் என்றால், கையின் நீளம் ஹார்னின் நீளத்தில் பத்தில் ஏழு பங்கு: 35க்கு 25. சர்வோவின் முழு ஓட்டமும் பயன்படுவதால் விசை கூடுகிறது, நுணுக்கமும் கூடுகிறது. டிரான்ஸ்மிட்டரில் ஓட்டத்தைப் பாதியாக வெட்டி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

குறுக்கே போடலாமா?

போடலாம். சர்வோவின் இடது முனையிலிருந்து சுக்கானின் வலது ஹார்னுக்கும், வலது முனையிலிருந்து இடது ஹார்னுக்கும் கேபிள்களைக் கொண்டுபோனால், அவை உடற்பகுதியின் சுவரைச் சற்றுச் செங்குத்தாகவும் வாலுக்கு அருகிலும் கடக்கும். வெளியேறும் வழி சிறியதாக அமையும். உள்ளே குறுக்குச் சட்டங்களில் உரசாமல் போக இடமும் கிடைக்கும். குறுகிய வால் கொண்ட விமானங்களில் நான் பெரும்பாலும் குறுக்கே போடுவதையே விரும்புகிறேன்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். குறுக்கே போகும்போது அமைப்பு சரியான இணைகரமாக இருக்காது. கையும் ஹார்னும் 25 மில்லிமீட்டர், தூரம் 800 மில்லிமீட்டர், திருப்பம் 30 டிகிரி என்றால் ஒவ்வொரு கேபிளும் சுமார் 0.4 மில்லிமீட்டர் தளரும். நீண்ட உடற்பகுதியில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தூரம் குறைந்தால் தளர்வு கூடும். இரண்டாவது, கேபிள்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டு அறுக்கக் கூடாது. ஒன்றைச் சர்வோ கையின் மேற்புறத்திலும் மற்றதைக் கீழ்ப்புறத்திலும் மாட்டினால் அவற்றுக்கிடையே சில மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்துவிடும்.

தேவையான பொருள்கள்

நைலான் பூச்சுள்ள பல இழை எஃகுக் கேபிள்தான் நடுத்தர, பெரிய விமானங்களுக்கு ஏற்றது. எவ்வளவு வலிமை வேண்டும் என்பதைச் சர்வோவை வைத்தே கணக்கிடலாம். 10 கிலோ சென்டிமீட்டர் முறுக்குவிசை உள்ள சர்வோ, 2.5 சென்டிமீட்டர் கையில் 4 கிலோ இழுக்கும். 20 கிலோ சென்டிமீட்டர் என்றால் 8 கிலோ. அந்த இழுவையைப் போல மூன்று மடங்காவது தாங்கும் கேபிளை எடுங்கள்.

சிறிய, மெதுவாகப் பறக்கும் விமானங்களுக்குக் கெவ்லார் நூலோ பின்னப்பட்ட தூண்டில் நூலோ போதும். கெவ்லார் நீளாது, ஆனால் வெயிலும் உரசலும் அதற்கு ஆகாது, கூரான உலோக விளிம்பில் பட்டால் அறுந்துவிடும். அதன் முடிச்சில் சயனோ பசையை (உடனே ஒட்டும் பசை) தாராளமாக ஊற்றாதீர்கள். பசை ஊறிய இடம் விறைத்து, பசை முடியும் இடத்தில் நூல் மடிந்து மடிந்து முறியும்.

இவற்றோடு, கேபிளின் நான்கு முனைகளுக்கும் திருகுமரை உள்ள இணைப்பிகள், அவற்றில் மாட்டும் உலோகக் கிளெவிஸ்கள் (துளையில் ஊசியை நுழைத்துக் கவ்வும் கவ்விகள்), லாக் நட்டுகள், நசுக்கிப் பிடிப்பதற்கான பித்தளை அல்லது செம்புக் குழாய்கள், கேபிள் வெளியேறும் இடத்துக்கு நைலான் குழாய் ஆகியவை வேண்டும். சர்வோவுக்குத் தடித்த இருபக்கக் கை வேண்டும். சர்வோவோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் கை இந்த வேலைக்கு உதவாது.

படி 1: ஹார்ன்

இரண்டு ஹார்ன்களும் சுக்கானின் இருபுறமும் தனித்தனியாக ஒட்டப்பட்டவையாக இருக்கக் கூடாது. சுக்கானை ஊடுருவிச் செல்லும் ஒரே தகடாகவோ, ஒரே திருகுக்கம்பியில் இருபுறமும் ஏறியவையாகவோ இருக்க வேண்டும். பால்சா மரத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, கடினமான மரத்துண்டு ஒன்றைப் பதித்துவிடுங்கள். பொருத்திய பிறகு, கீல்கோட்டின் மீது ஒரு நேரான கம்பியை நிறுத்தி, இரு துளைகளும் அதற்கு நேரே இருக்கின்றனவா என்று மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்.

படி 2: சர்வோ

சர்வோவின் அச்சு கீல்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். சர்வோ கையும் ஹார்னும் ஒரே மட்டத்தில் இருந்தால் நல்லது. சுக்கானின் கீல்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் விமானங்களில் சர்வோவின் தாங்கு தட்டையும் அதே அளவு சாய்த்துவிடலாம். இதைச் செய்யாமல் விட்டால், துளைகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் முழுத் திருப்பத்தில் இறுக்கம் மாறும்.

தாங்கு தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தள்ளுகம்பி அமைப்பில் சர்வோ மீது விசை வந்து வந்து போகும். இங்கே இரண்டு கேபிள்களும் எப்போதும் வாலை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 2 கிலோ இறுக்கம் வைத்தால், விமானம் அலமாரியில் சும்மா இருக்கும்போதும் சர்வோவின் தண்டு 4 கிலோ பக்கவாட்டு இழுவையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே தட்டு உறுதியாக இருக்க வேண்டும். சர்வோவின் தண்டு பால் பேரிங்கில் சுழல்வதாக இருக்க வேண்டும். மிகப் பெரிய விமானங்களில் நான் சர்வோவை நேரடியாகக் கேபிளில் மாட்டுவதே இல்லை. தனி அச்சில் சுழலும் ஓர் இடைக்கையைப் பொருத்தி, கேபிள்களை அதில் கட்டி, சர்வோவிலிருந்து அந்த இடைக்கைக்கு ஒரு குட்டைத் தள்ளுகம்பி கொடுத்துவிடுகிறேன். கேபிளின் இழுவை முழுவதையும் இடைக்கையின் பேரிங்குகள் சுமக்கின்றன.

படி 3: பாதையும் வெளிவழியும்

கேபிளை இழுப்பதற்கு முன் ஒரு தையல் நூலை இழுத்துப் பாருங்கள். சர்வோ கையின் துளையிலிருந்து ஹார்ன் துளைக்கு நூலை விறைப்பாகப் பிடித்தால், உடற்பகுதியின் சுவரை அது எங்கே சந்திக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே குறியிடுங்கள். பிறகு சுக்கானை முழுவதும் இடப்பக்கம் திருப்பி ஒரு குறி, வலப்பக்கம் திருப்பி ஒரு குறி. ஹார்னின் துளை வட்டப்பாதையில் போவதால் திருப்பத்தில் உட்புறமாக வரும். 25 மில்லிமீட்டர் ஹார்ன் 30 டிகிரி திரும்பும்போது 3 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே வருகிறது. குறிகள் எல்லாவற்றையும் அடக்கும் அளவுக்கு நீள்வட்ட வழி வெட்ட வேண்டும்.

வழியில் நைலான் குழாயைப் பதிப்பதாக இருந்தால், அது நூலின் திசையிலேயே படுத்திருக்க வேண்டும். குழாய் கேபிளை வளைக்கக் கூடாது. வளைந்தால் உரசல், உரசினால் சுக்கான் நடுநிலைக்குச் சரியாகத் திரும்பாது. நேராகப் பறந்துகொண்டிருந்த விமானம் ஒரு திருப்பத்துக்குப் பிறகு காரணமில்லாமல் ஒரு பக்கம் இழுத்தால், முதலில் இந்தக் குழாய்களைச் சந்தேகியுங்கள்.

ரிசீவரின் ஆன்டெனாவை எஃகுக் கேபிளுக்குப் பக்கத்தில் இணையாக ஓட்டாதீர்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளை உலோகம் எளிதில் மறைத்துவிடும்.

படி 4: முனையைக் கட்டுவது

முழு அமைப்பின் உறுதியும் ஒரு விரல்நகம் அளவுள்ள இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

கேபிளைத் தேவைக்கு மேல் 15 சென்டிமீட்டர் மிகையாக வெட்டுங்கள். முனையைப் பித்தளைக் குழாய்க்குள் நுழையுங்கள். அடுத்து இணைப்பியின் துளை வழியே விட்டு, திருப்பி அதே குழாய்க்குள் கொண்டுவாருங்கள். இவ்வளவோடு நசுக்கிவிடுகிறவர்கள் உண்டு, அது போதாது. வெளியே வந்த முனையை மறுபடியும் சுற்றிக் கொண்டுவந்து மூன்றாவது முறையாகக் குழாய்க்குள் நுழையுங்கள். குழாய்க்குள் இப்போது மூன்று இழைகள் பக்கத்தில் பக்கமாகப் படுத்திருக்கும். இந்தக் கடைசிச் சுற்றுதான் கேபிள் நழுவாமல் காக்கிறது. இழுக்க இழுக்கத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். சுற்றுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சேர்த்து, இணைப்பியை ஒட்டியிருக்கும் வளையத்தைச் சிறியதாக்குங்கள். ஆனால் கேபிள் கூர்மையாக மடியும் அளவுக்கு வேண்டாம்.

கிரிம்ப் குறடால் குழாயின் நடுப்பகுதியில் இரண்டு இடங்களில் நசுக்குங்கள். குழாயின் ஓரத்தில் மட்டும் நசுக்காதீர்கள். நசுங்கிய ஓரம் கத்தி போல இழைகளை வெட்டும். மிகை முனையைக் குழாயிலிருந்து 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மெல்லிய சயனோ பசை ஒரு சொட்டு வைக்கலாம். பற்றவைக்கும் ஈயத்தை இங்கே கொண்டுவராதீர்கள். வெப்பம் நைலானை உருக்கும். பற்றவைக்கப் பூசும் அமிலப் பசையின் மிச்சம் இழைகளுக்கிடையே தங்கித் துருவை வளர்க்கும்.

கட்டிய முனையைச் சோதிக்க வேண்டும். இணைப்பியை ஓர் ஆணியில் மாட்டி, கேபிளின் மறுமுனையில் சர்வோவின் இழுவையைப் போல இரண்டு மடங்கு எடையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் விடுங்கள். குழாயின் வாயருகே கேபிளில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால், நழுவியிருந்தால் கோடு நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

படி 5: இணைத்தல், இறுக்குதல்

டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் இயக்குங்கள். நடுநிலையை நகர்த்தும் டிரிம், துணை டிரிம் அமைப்புகள் எல்லாம் பூஜ்யத்தில் இருக்கட்டும். சர்வோ கையை விமானத்தின் நீளத்துக்குச் செங்குத்தாகப் பொருத்துங்கள். பல்லின் மேல் பல் உட்காரும்போது சரியான செங்குத்து அமையாமல் போகலாம். 25 பற்கள் கொண்ட தண்டில் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி. இருபக்கக் கையை முழுவதும் திருப்பி மறுமுனை மாற்றிப் பொருத்தினால் அரைப் பல், அதாவது 7.2 டிகிரி நகரும். அதற்குப் பிறகும் மிஞ்சும் சிறு பிழையை மட்டும் துணை டிரிம்மால் தீருங்கள்.

சுக்கானை நடுநிலையில் வைத்து, இருபுறமும் இரண்டு குச்சிகளை வைத்து நிலையான வாலோடு சேர்த்து டேப்பால் கட்டுங்கள். கிளெவிஸ்களை இணைப்பியின் மரையில் பாதிவரை மட்டும் ஏற்றுங்கள். பின்னர் இறுக்கவும் தளர்த்தவும் இருபுறமும் இடம் வேண்டும். இப்போது கேபிள்களை மாட்டி, கையால் விறைப்பாகப் பிடித்துக் கடைசி முனைகளை நசுக்குங்கள்.

இனி இறுக்கம். கிளெவிஸை அரைச் சுற்று அரைச் சுற்றாக, இடமும் வலமும் மாறி மாறித் திருகுங்கள். எம்2 மரையில் ஒரு சுற்று 0.4 மில்லிமீட்டர், எம்3 மரையில் 0.5 மில்லிமீட்டர். ஒரே பக்கத்தைத் திருகிக்கொண்டே போனால் சுக்கான் அந்தப் பக்கம் சாயும்.

எங்கே நிறுத்துவது? கேபிளில் கண்ணுக்குத் தெரியும் தொய்வு போய், குச்சிகளைக் கழற்றிய பிறகு சுக்கானின் பின்விளிம்பை அசைத்தால் ஆட்டம் இல்லாமல் இருக்கும் முதல் இடத்தில் நிறுத்துங்கள். அதற்குமேல் கால் சுற்றுகூட வேண்டாம். கேபிளைச் சுண்டினால் வீணைத் தந்தி போல ஒலிக்கிறது என்றால் அளவு மீறிவிட்டது.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் முதன்முதலில் கட்டிய பெரிய விமானத்தில் ஹார்ன் துளைகள் கீல்கோட்டுக்கு எட்டு மில்லிமீட்டர் பின்னால் இருந்தன. முழுத் திருப்பத்தில் தெரிந்த தொய்வைப் போக்க, நடுநிலையில் கேபிளை மேலும் மேலும் இறுக்கினேன். தரையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆறாவது பறப்பில் தரையிறங்கும்போது சுக்கான் பதில் சொல்லவில்லை. பக்கக் காற்றில் இறக்கை தட்டி விமானம் உருண்டது. சர்வோவைத் திறந்து பார்த்தபோது, தண்டைத் தாங்கும் பக்கம் நீள்வட்டமாகத் தேய்ந்து, கடைசிப் பற்சக்கரம் அடுத்ததோடு பாதிதான் கவ்விக்கொண்டிருந்தது. எட்டு மில்லிமீட்டர் முன்னால் துளை போட்டிருந்தால் அந்தச் சர்வோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

படி 6: சோதனை

முதலில் மின்சாரம் இல்லாமல். சுக்கானைக் கையால் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். சர்வோவின் பற்சக்கரங்களின் சீரான எதிர்ப்பு மட்டுமே விரலுக்குத் தெரிய வேண்டும். கோடியை நெருங்கும்போது கனம் கூடினால் துளைகள் கீல்கோட்டுக்கு முன்னால் இருக்கின்றன. படி 1க்குத் திரும்புங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் கேபிள் எதிலோ உரசுகிறது.

அடுத்து மின்சாரத்தோடு. நடுநிலையில் சர்வோ அமைதியாக இருக்க வேண்டும். முழுத் திருப்பத்தில் பிடித்துக்கொண்டு காதை அருகில் வையுங்கள். இடைவிடாத முனகல் கேட்டால், ஏதோ ஒன்று முட்டுகிறது அல்லது இறுகுகிறது. டிரான்ஸ்மிட்டரில் அந்தப் பக்கத்து எல்லையைக் குறைத்துப் பாருங்கள். ஓரிரு சதவீதத்தில் முனகல் நின்றால் சுக்கான் வாலில் முட்டியிருக்கிறது, எல்லையை அங்கேயே வைத்துவிடலாம். வெகுவாகக் குறைத்தும் நிற்கவில்லை என்றால் குறை துளைகளில்தான்.

டிரான்ஸ்மிட்டரில் சுக்கானுக்கான கட்டுப்பாட்டுக் குச்சியை வலப்பக்கம் தள்ளி, விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். சுக்கானின் பின்விளிம்பு வலப்பக்கம் போக வேண்டும். குறுக்கே போட்ட கேபிளில் திசை தலைகீழாகிவிடும் என்பதால், இதை நினைவை நம்பி விடாமல் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

எல்லாம் சரியென்றால் லாக் நட்டுகளை இறுக்கி, ஒவ்வொரு கிளெவிஸின் மேலும் சிறு ரப்பர் குழாய்த் துண்டை ஏற்றிவிடுங்கள். அதிர்வில் கிளெவிஸ் வாய் திறக்காமல் அது பார்த்துக்கொள்ளும்.

எலிவேட்டருக்கும் வால்சக்கரத்துக்கும்

விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டருக்கு அதே முறையைச் செங்குத்தாகத் திருப்பிப் போட வேண்டும். சர்வோவைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கை மேலும் கீழுமாக நிற்க, ஒரு கேபிள் மேல் ஹார்னுக்கும் மற்றது கீழ் ஹார்னுக்கும் போகும். எலிவேட்டரின் இரு பாதிகளும் ஒரே கம்பியால் உறுதியாக இணைந்திருந்தால் ஒரு ஜோடிக் கேபிள் போதும். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி. சுக்கானில் ஒரு கேபிள் அறுந்தாலும் மற்றதால் ஒரு பக்கமாவது திருப்பலாம், இறக்கையில் உள்ள ஐலரான் பலகைகளை வைத்துக்கொண்டு இறங்கிவிடலாம். எலிவேட்டரில் மேலே தூக்கும் கேபிள் அறுந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. அதனால் எலிவேட்டருக்கு ஒரு படி தடித்த கேபிளையே போடுகிறேன்.

வால்சக்கரத்தைச் சுக்கான் கேபிளில் நேரடியாகக் கட்டாதீர்கள். சுக்கானிலிருந்து இரண்டு மெல்லிய சுருள்வில்கள் வழியாக அதைத் திருப்புங்கள். தரையில் படும் ஒவ்வொரு அடியும் சர்வோவரை போகாமல் வில்கள் வாங்கிக்கொள்ளும்.

பறந்த பிறகு

புதுக் கேபிள் முதல் சில பறப்புகளில் கொஞ்சம் தளரும். இழைகள் தம்மிடத்தில் அமர்கின்றன, முனைச் சுற்றுகள் இறுகுகின்றன. முதல் நாள் ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் பின்விளிம்பை அசைத்துப் பாருங்கள்; அதன்பின் பறக்கும் நாளெல்லாம் ஒருமுறை போதும். இதைத் திடலிலேயே, விமானம் அங்குள்ள வெப்பத்துக்குப் பழகிய பிறகு செய்யுங்கள். கார்பன் இழை உடற்பகுதி வெயிலில் ஏறக்குறைய நீளாது, எஃகுக் கேபிள் நீளும். ஆகவே குளிர்ந்த அறையில் அளவாக இருந்த இறுக்கம் வெயிலில் குறைந்திருக்கும். முழு அளவு விமானங்களிலும் கேபிளின் இறுக்கத்தை வெப்பநிலை பார்த்தே அமைக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை கிளெவிஸ்களைக் கழற்றி, இணைப்பியின் துளையில் கேபிள் வளையும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அறுந்த இழை ஒன்று முள் போல நீட்டிக்கொண்டிருந்தாலோ, நைலான் உரிந்து உள்ளே பழுப்பு தெரிந்தாலோ அந்தக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஒன்றை மாற்றும்போது ஜோடியையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே அளவில் நீளாது. கழற்றிய பழைய கேபிளைத் தூக்கி எறிவதற்கு முன், புதிய கேபிளின் முனையை அதன் வாலில் டேப்பால் ஒட்டி உடற்பகுதிக்குள் இழுத்துவிட்டால், குழாய்க்குள் நுழைக்க மறுபடியும் திணற வேண்டியிருக்காது.